வார்த்தைக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து ஊர் எழுதின பக்கம்

பழைய பேப்பரைப் பத்திரமா வச்சிருக்கிற வீடுகள் இன்னும் கொஞ்சம் இருக்கு. பீரோ அடித்தட்டுல துணிக்குக் கீழ வச்சிருப்பாங்க. இந்திரா காந்தியைச் சுட்டதுக்கு மறுநாள் வந்தது, 87 டிசம்பர்ல எம்ஜிஆர் போனப்போ வந்தது, 83 வேர்ல்டு கப் ஜெயிச்சது, ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூர்ல இறந்தது. எல்லாமே முதல் பக்கம். உள்ள இருந்த தாளெல்லாம் எங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, எடைக்குப் போயிருக்கும், இல்ல பலசரக்குக் கடையில உளுந்து மடிச்சுக் குடுத்திருப்பாங்க. நான் தேடிட்டு இருக்கிறது அந்த உள்தாளைத்தான், அதுலயும் வரி விளம்பரம் வந்த பக்கத்தை. முதல் பக்கச் செய்தி டெல்லியில தேடினாலும் கிடைக்கும், மெட்ராஸ்ல தேடினாலும் கிடைக்கும். "கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு அருகில் மாடி ரூம், பேச்சுலர்களுக்கு" அப்படிங்கிற ஒரு வரி அந்த ஒரு தாளைத் தவிர உலகத்துல வேற எங்கயும் இருந்ததில்லை.

எங்க பெரியப்பா கோவில்பட்டியில பேப்பர் ஏஜென்ட். எந்தப் பேப்பர்ங்கிறது இங்க முக்கியமில்ல, திருநெல்வேலி பதிப்பு, அது போதும். அவருக்கு மூணு வேலை. காலையில கட்டு பிரிச்சு பையன்கள்ட்ட குடுத்து லைன் அனுப்பணும், மதியம் வரைக்கும் சந்தா வசூல், மதியத்துக்கு மேல விளம்பரம் வாங்கணும். வாசல்ல ஒரு தகரப் பலகை, "இங்கு விளம்பரங்கள் பெற்றுக்கொள்ளப்படும்". ஸ்கூல் விட்டு வந்ததும் நான் நேரா அங்கதான் போவேன், கார்பன் பேப்பர் வைக்கிறது, ரசீது கிழிக்கிறது, வார்த்தை எண்ணுறதெல்லாம் என் வேலை. 80கள்ல இருந்து 90கள் நடுவுல வரைக்கும் நான் பாத்ததைத்தான் சொல்றேன்.

வார்த்தை எண்ணுறதுன்னா அது சாதாரண விஷயம் இல்ல. அப்போ எங்க பதிப்புல வரி விளம்பரத்துக்கு வார்த்தைக் கணக்குதான், குறைஞ்சபட்சம் இத்தனை வார்த்தைன்னு இருக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு வார்த்தைக்கும் தனிக்காசு. தமிழ்ல ரெண்டு வார்த்தையைச் சேத்து எழுதினா ஒண்ணாயிடும்ல, அது எல்லாருக்கும் தெரியும், வர்றவங்க எல்லாம் சேத்து சேத்து எழுதிட்டு வருவாங்க. "ஆறுமாதஅட்வான்ஸ்தண்ணீர்வசதியுடன்" அப்படின்னு ஒரே மூச்சுல எழுதிக் கொண்டு வந்து இது ஒரு வார்த்தைதானே அண்ணாச்சின்னு கேப்பாங்க. பெரியப்பா கோபப்பட மாட்டாரு. தம்பி, இங்க நான் ஒண்ணுன்னு எண்ணிடுவேன், திருநெல்வேலியில இருக்கிறவரு பிரிச்சு எண்ணி என் கமிஷன்ல பிடிச்சிடுவாருன்னு சொல்லிட்டு பென்சிலால கோடு போட்டுப் பிரிப்பாரு. இனிஷியலோட பேரு ஒரு வார்த்தை. போன் நம்பர் ஒரு வார்த்தை. பி.எஸ்சி., பி.எட்.னு சேந்து வந்தா ஒண்ணா ரெண்டாங்கிறதுல எப்பவும் தகராறு.

பிரிச்சு எண்ணிட்டு அப்புறம் அவரே உக்காந்து குறைச்சுக் குடுப்பாரு, அங்கதான் அவரோட கெட்டிக்காரத்தனம். "வீடு வாடகைக்கு விடப்படும்"னு எழுதிட்டு வந்தா அந்த மூணையும் அடிச்சிடுவாரு. ஏன்னா விளம்பரம் வரப்போறதே "வாடகைக்கு"ங்கிற தலைப்புக்குக் கீழ. தலைப்பு பேப்பர்காரன் போடுறது, அதுக்கு நம்மகிட்ட காசு கிடையாது. "விற்பனைக்கு", "தேவை", "மணமகள் தேவை", "காணவில்லை", "அறிவிப்பு" எல்லாம் அப்படித்தான், தலைப்பு சொல்லிட்டதை நீ திருப்பிச் சொல்லாதே, நீ நேரா தெரு பேருல இருந்து ஆரம்பின்னு சொல்லுவாரு. இந்த வகைவகையாப் பிரிச்சுப் போடுற ஏற்பாட்டோட முழு சூட்சுமமும் அதுதான். பிரிச்சுப் போட்டதால ஏழை எளியவங்களுக்கும் விளம்பரம் கட்டுப்படியாச்சு. கட்டம் கட்டிப் பெருசா வர்ற டிஸ்பிளே விளம்பரம் கொடுக்க ஜவுளிக்கடையும் நகைக்கடையும் வரும், சென்டிமீட்டர் கணக்குல காசு. வரி விளம்பரத்துக்கு தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை வருவாரு, மில்லுல வேலை பாக்குறவங்க வருவாங்க, ரிட்டயர்டு வாத்தியார் தன்னோட பழைய சைக்கிளை விக்க வருவாரு.

இன்னொண்ணு போன் நம்பர். அப்போ ஊர்ல போன் இருக்கிற வீடு கம்மி, அப்ளை பண்ணி வருஷக்கணக்கா காத்திருக்கணும். அதனால விளம்பரத்துல நம்பர் போட்டு பக்கத்துல "பி.பி."ன்னு போடுவாங்க. நம்பர் பக்கத்து வீட்டுக்காரருது இல்ல எதிர்த்த கடைக்காரருது, நீங்க கூப்பிட்டா அவரு ஒரு ஆளை விட்டு கூட்டிட்டு வருவாரு, நீங்க வச்சிட்டு பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி போடணும். ஒரு பக்கத்துல எத்தனை பி.பி. இருக்குன்னு எண்ணிப் பாத்தாலே அந்த வருஷம் ஊர்ல போன் எவ்வளவு தூரம் வந்திருந்துச்சுன்னு சொல்லிடலாம்னு எனக்குத் தோணும். அதே மாதிரி ஒரு தெருவுல யாரு யாருக்குப் போன் எடுத்துக் கூப்பிடுவாங்க, யாருக்குக் கூப்பிட மாட்டாங்கங்கிறதும் அந்த ரெண்டு எழுத்துல இருந்துச்சு.

சாயங்காலம் நாலு மணிக்குள்ள எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு, மேல "பிரஸ் மேட்டர் அவசரம்"னு சிவப்பு மையில எழுதி, திருநெல்வேலி பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்துடணும். நிருபரோட செய்தியும் அதே கவர்ல போகும், விபத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், கூடவே எங்க வரி விளம்பரச் சீட்டும். அங்க பஸ் ஸ்டாண்டுல ஆபீஸ் பையன் நின்னு வாங்கிப்பான். பஸ் பஞ்சரானா அன்னைக்கு கோவில்பட்டிக்காரங்க யாருக்கும் வீடு வாடகைக்கு இல்ல, அவ்வளவுதான். ஃபேக்ஸ் வந்தது ரொம்பப் பின்னாடி.

அந்த மேஜையில நான் ரொம்ப கவனமாப் பாத்தது காணவில்லை விளம்பரம். வருஷத்துல ஒரு சீசன் அதுக்கு, ரிசல்ட் வர்ற நேரம். அப்போ ரிசல்ட் பேப்பர்லதான் நம்பர் நம்பரா வரும், அந்தப் பேப்பரை வித்ததும் நாங்கதான், நம்பர் இல்லாத பையன் வீட்டை விட்டுப் போயிட்டா அவனைத் தேடி விளம்பரம் கொடுக்க வர்றதும் எங்ககிட்டதான். அப்பா வந்தா ஒரு மாதிரி இருக்கும், வயசு உயரம் போட்டிருந்த சட்டை எல்லாம் சொல்லிட்டு, தகவல் தருவோருக்கு தக்க சன்மானம்னு முடிச்சிடுவாரு. அம்மா வந்தா விளம்பரமே அவன்கிட்ட பேசுற மாதிரி ஆயிடும். கயத்தாறு பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து வந்த ஒரு அம்மா இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிறாங்க. சேலை முந்தியில முடிஞ்சிருந்த காசை அவுத்து மேஜையில வச்சிட்டு, எழுதுங்க அண்ணாச்சின்னாங்க. பெரியப்பா வழக்கமான வாசகத்தை எழுதினாரு, "நீ எங்கிருந்தாலும் உடனே வீடு திரும்பவும். உன்னை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்." வாசிச்சுக் காட்டினாரு. அந்த அம்மா தலையை ஆட்டிட்டு, இது அவனுக்கு நான் சொல்ற மாதிரி இல்லையே, போலீஸ்காரன் சொல்ற மாதிரில்ல இருக்கு, வந்துடு சாமின்னு போடுங்கன்னாங்க. அவங்க வச்ச காசுல கூடுதலா வார்த்தை சேக்க இடமும் இல்ல. பெரியப்பா "எங்கிருந்தாலும்" அடிச்சாரு, "உடனே" அடிச்சாரு, "வந்துடு சாமி" போட்டாரு. ஆபீஸ்ல பேச்சுத்தமிழ் வந்தா திருத்தி எழுத்துத்தமிழா ஆக்கிடுவாங்கன்னு தெரியும், அதனால சீட்டு ஓரத்துல "பார்ட்டி கேட்டுக்கொண்டபடி, மாற்ற வேண்டாம்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாரு. அப்படியே வந்துச்சு. சுத்தி எல்லாம் "வேண்டும்", "தேவை", "அணுகவும்"னு இருக்கிற பத்தியில நடுவுல "வந்துடு சாமி". பையன் கொஞ்ச நாள்ல வந்துட்டான். பேப்பரைப் பாத்து வந்தானா கையில காசு தீந்து வந்தானான்னு யாருக்கும் தெரியாது.

இதுல எந்த ஊர் பதிப்புல போடுறதுங்கிறதுதான் பெரிய சிக்கல். பையன் திருநெல்வேலி பதிப்பு வர்ற எல்லைக்குள்ள இருந்தாத்தானே பாப்பான். அதனால பெரியப்பா போலீஸ் மாதிரி கேள்வி கேப்பாரு, கையில எவ்வளவு எடுத்துட்டுப் போனான், மெட்ராஸ்ல சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா, கோயம்புத்தூர்ல கூடப் படிச்சவன் எவனும் வேலை பாக்குறானா, சினிமா பைத்தியமா. அதை வச்சு ஊரை முடிவு பண்ணுவாரு. எல்லாப் பதிப்புலயும் போட பணம் எத்தனை பேர்கிட்ட இருந்துச்சு?

அடுத்து இறந்தவங்க விளம்பரம். கண்ணீர் அஞ்சலி வரி விளம்பரத்துல சேராது, போட்டோ வரும், கட்டம் கட்டி வரும். ஆனா அதுவும் அதே மேஜைதான், நேரம் காலம் கிடையாது. ஈய எழுத்துல அச்சடிச்ச காலத்துல போட்டோவை அப்படியே போட முடியாது, துத்தநாகத் தகட்டுல பிளாக் எடுத்து மரக்கட்டையில ஆணி அடிச்சு வைப்பாங்க. விளம்பரம் வந்ததும் அந்த பிளாக்கைப் பார்ட்டிக்கே திருப்பிக் குடுத்துடுவோம், காசு குடுத்துச் செஞ்சது அவங்கதானே. கருமாதிப் பத்திரிகைக்கு லோக்கல் பிரஸ்ல அதையே உபயோகப்படுத்துவாங்க, அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு மறுபடி எங்கிட்ட எடுத்துட்டு வருவாங்க. உள்ளங்கை அளவு கட்டை, மேல தலைகீழா, இடம் வலம் மாறி ஒரு முகம், ஓரத்துல மை காஞ்சு போயிருக்கும். ஆஃப்செட் வந்ததும் பிளாக் தேவையில்லாமப் போச்சு. எங்க வீட்டுலயே ஆச்சியோட பிளாக் ஒண்ணு இருக்கு, கையில எடுத்தா நல்ல கனம்.

நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போனா அது நியாயமா இருக்காது. அந்தப் பக்கம் ஜாதியை ஒளிக்காம எழுதின பக்கம். மணமகள் தேவையில முதல் வார்த்தையே ஜாதி, ரெண்டாவது உட்பிரிவு, அப்புறம்தான் வயசு, படிப்பு, நிறம். "நல்ல சிவப்பு"ங்கிற ரெண்டு வார்த்தைக்கு யாரும் காசு பாத்து நான் கண்டதில்லை. வாடகைக்குங்கிற தலைப்புல ஜாதி பேரைப் போடக் கூச்சப்படுறவங்க "சைவம் மட்டும்"னு போடுவாங்க, யாரு வரணும் யாரு வரக்கூடாதுன்னு ஊர்ல எல்லாருக்கும் புரிஞ்சிடும். ஆள் தேவை தலைப்புல "பையன் தேவை, சாப்பாடு தங்குமிடம் உண்டு"ன்னு வரும், வயசு இருக்காது. வர்றது எந்த வயசுப் பிள்ளைன்னு கொடுத்தவருக்கும் தெரியும் வாங்கின எங்களுக்கும் தெரியும். இதையெல்லாம் படிக்கும்போது வலிக்குது, ஆனா இது எழுத்துல இருக்கணும். நாளைக்கு ஒருத்தர் வந்து எங்க ஊர்ல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையேன்னு சொன்னா எடுத்துக் காட்ட அந்தப் பக்கத்தை விட நல்ல சாட்சி கிடையாது, ஏன்னா அதை எழுதினவங்க யாரையும் குத்தம் சொல்ல எழுதல, தன் காரியம் ஆகணும்னு எழுதினாங்க.

வரதட்சணை விஷயத்துல சட்டம் நேராவே இந்தப் பக்கத்துக்குள்ள வந்துச்சு. 1961 வரதட்சணை தடைச் சட்டத்துல 1986ல 4ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. கல்யாணத்துக்குக் கைம்மாறா சொத்துல பங்கு தர்றோம், பிசினஸ்ல பங்கு தர்றோம்னு பத்திரிகையில விளம்பரம் கொடுத்தா அதுவும் குத்தம், அச்சடிச்சவங்களும் மாட்டுவாங்க. அதுக்கப்புறம் ஆபீஸ்ல இருந்து சுற்றறிக்கை வந்துச்சு, வீடு தரப்படும், ரொக்கம் தரப்படும்னு எழுதினா வாங்காதீங்கன்னு. நின்னுச்சா? "வசதியான குடும்பம்", "ஒரே பெண்", "சொந்த வீடு"ன்னு மாத்தி எழுத ஆரம்பிச்சாங்க. ஒரே பெண்ணுன்னா சொத்து முழுக்க அந்தப் பொண்ணுக்குத்தான்னு அர்த்தம். அதே மாதிரி 1954 மாயமருந்து விளம்பரச் சட்டம், இன்னின்ன நோய்க்கு மருந்துன்னு விளம்பரமே பண்ணக்கூடாதுன்னு பட்டியல் போட்ட சட்டம். லாட்ஜ் வைத்தியர்கள் நோய் பேரை எழுதாம "இளமைப் பிரச்சனைகளுக்கு", எந்தத் தேதி எந்த ஊர் எந்த லாட்ஜ்னு மட்டும் போடுவாங்க. பெரியப்பா அவங்ககிட்ட விளம்பரம் வாங்க மாட்டேன்னுட்டாரு, ஆனா அது டிஸ்பிளேயா நேரா ஆபீஸ் மூலமா வந்துட்டுத்தான் இருந்துச்சு.

பெட்டி எண் சொல்ல மறந்துட்டேனே. கல்யாண விளம்பரம் கொடுக்கிறவங்க பேரும் அட்ரஸும் வெளிய தெரிய வேண்டாம்னு நினைச்சா பெட்டி எண் வாங்கிக்கலாம், பதில் எல்லாம் பேப்பர் ஆபீஸுக்கு அந்த எண்ணுக்கு வரும், அங்க இருந்து மொத்தமா ஒரு கவர்ல போட்டு அனுப்புவாங்க. மறுமண விளம்பரம் அநேகமா எல்லாமே பெட்டி எண்தான். புருஷன் இறந்து போன பொண்ணுக்கு அண்ணன்காரன் வந்து கொடுத்துட்டுப் போவான், குரலைத் தாழ்த்திப் பேசுவான், பதில் கவர் வீட்டுக்கு வர வேண்டாம் அண்ணாச்சி, தெருவுல போஸ்ட்மேன் பாத்தாலே கேப்பாங்க, கடைக்கே வரட்டும்பான். பெரியப்பா அந்தக் கவர்களை மேஜை டிராயர்ல தனியா வச்சிருப்பாரு, பிரிச்சுப் பாக்க என்னை விட மாட்டாரு, யாருக்கு வந்துச்சுன்னு வீட்டுலகூட சொல்ல மாட்டாரு. ஒரு ஊருக்கே ரகசியம் காக்குற ஆளா இருந்தாரு. இப்போ ஒரு வெப்சைட்ல ப்ரைவசி செட்டிங்னு ஒரு பட்டன் இருக்கே, அந்த வேலையை அவரோட டிராயர் பூட்டு பாத்துச்சு.

இந்த வரி விளம்பரப் பக்கம் எதனால போச்சுன்னா, எல்லாரும் இன்டர்நெட்தான்னு சொல்லுவாங்க. பெரிய கணக்குக்கு அது சரி. அமெரிக்காவுல 2000ல பத்திரிகைகளுக்கு வரி விளம்பரத்துல மட்டும் கிட்டத்தட்ட 1,960 கோடி டாலர் வந்துச்சு, 2009ல அது 600 கோடி பக்கத்துல வந்து நின்னுச்சு, நடுவுல கிரெய்க்ஸ்லிஸ்ட்னு ஒரு வெப்சைட் ஊர் ஊராப் பரவி பெரும்பாலான விளம்பரத்தை ஓசியா போட விட்டுடுச்சு. நம்ம பக்கம் மேட்ரிமோனி சைட்டை ஆரம்பிச்சு வச்ச முருகவேல் ஜானகிராமனே அமெரிக்காவுல இருந்தப்போ 1997ல தமிழர்களுக்குன்னு நடத்தின சைட்ல ஒரு பகுதியாத்தான் அதைத் தொடங்கினாரு. ஆனா கோவில்பட்டி மாதிரி ஊர்ல அடி முதல்ல விழுந்தது லோக்கல் கேபிள் டிவியில இருந்து. படம் ஓடிட்டு இருக்கும்போதே கீழ எழுத்து ஓடும், மாடி போர்ஷன் வாடகைக்கு, டியூஷன் எடுக்கப்படும், பர்ஸ் தொலைஞ்சு போச்சு. காலையில கொடுத்தா சாயங்காலம் ஓடும், திருநெல்வேலிக்கு கவர் போக வேண்டாம், வார்த்தை எண்ண வேண்டாம். வாடகைக்கும் விற்பனைக்கும் அதோட போச்சு. அப்புறம் செல்போன் வந்து பி.பி.யையும் பெட்டி எண்ணையும் முடிச்சு வச்சது. இப்போ வாட்ஸ்அப் குரூப். கேபிள் ஸ்க்ரோல்ல ஓடினது ஒரு வரிகூட எங்கயும் பதிவாகல. வாட்ஸ்அப்ல வர்றது போன் மாத்தினா போயிடும். அந்த வகையில பேப்பர்தான் கடைசி.

இன்னைக்கும் அதே பக்கத்தைத் திறந்து பாருங்க, காலியா இல்ல. முழுக்க நோட்டீஸ். கோர்ட் நோட்டீஸ், பேங்க் ஏல நோட்டீஸ், பத்திரம் தொலைஞ்சு போச்சுங்கிற அறிவிப்பு. இது சட்டம் கட்டாயப்படுத்துறதால வர்றது. சம்மன் வாங்க ஆள் அகப்படலைன்னா, சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 5 ரூல் 20 இருக்கு, அந்த ஆள் கடைசியா குடியிருந்த வட்டாரத்துல ஓடுற தினசரியில விளம்பரம் போடச் சொல்லலாம். கடன் வசூலுக்கு 2002ல வந்த சர்ஃபேசி சட்டத்தோட விதிகள்படி பேங்க் ஒரு வீட்டைக் கைப்பத்தினா ரெண்டு முன்னணிப் பத்திரிகையில போடணும், அதுல ஒண்ணு அந்த வட்டார மொழியில இருக்கணும். அதனால முன்னாடி யாரு வீட்டை வாடகைக்கு விட்டாங்கன்னு இருந்த இடத்துல இப்போ யாரு வீடு ஏலத்துக்குப் போகுதுன்னு இருக்கு. அதே தெரு பேருங்கதான். ஆனா அது வக்கீல் ஆபீஸ்ல ஒரே அச்சுல வார்த்த வாசகம், ஊர்க்காரன் வார்த்தை ஒண்ணுகூட அதுல இல்ல.

எனக்கு இதுல ஆதங்கம் என்னன்னா, பத்திரிகை வரலாறு எழுதுறவங்க செய்தியை எடுக்கிறாங்க, தலையங்கத்தை எடுக்கிறாங்க, இதை யாரும் எடுக்கிறதில்லை. ஆனா பத்திரிகைங்கிறதே விளம்பரத்தோடதான் பிறந்துச்சு. 1780ல கல்கத்தாவுல ஹிக்கி ஆரம்பிச்ச இந்தியாவோட முதல் பேப்பருக்கு பெங்கால் கெசட்னு மட்டுமா பேரு, கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்னும் சேத்துத்தான் வச்சிருந்தாரு. தி ஹிண்டு 1958 வரைக்கும் முதல் பக்கத்துல விளம்பரம்தான் போட்டுச்சு, லண்டன் டைம்ஸ் 1966 வரைக்கும். செய்தி உள்ளதான். அந்தக் காலத்து வாசகருக்கு முதல்ல தெரிய வேண்டியது எந்தக் கப்பல் எப்போ வருது, யாரு சாமான் விக்கிறாங்கங்கிறதுதான்.

காப்பாத்த ஏற்பாடே இல்லைன்னு சொல்ல முடியாது. அச்சான புத்தகத்தை நூலகத்துக்குக் குடுக்கணும்னு 1954ல ஒரு சட்டம் வந்து, 56ல பத்திரிகையையும் அதுல சேத்தாங்க, எழும்பூர் கன்னிமரா உட்பட நாலு நூலகத்துக்கு ஒவ்வொரு இதழும் அனுப்பி வைக்கணும். ஆனா ஒரே தேதிக்குப் பல பதிப்பு போடுற பேப்பர்ல எந்த ஊர்ப் பக்கம் அங்க போய்ச் சேந்துச்சுங்கிறது வேற கேள்வி. மெட்ராஸ் பதிப்பு பைண்டு பண்ணி இருந்தா அதுல கோவில்பட்டி மாடி ரூம் இருக்காது.

இந்த விஷயத்துல நான் மனசார கும்பிடுற ஆள் கோட்டையூர் ரோஜா முத்தையா. போர்டு எழுதுற ஓவியர், பெரிய வருமானம் கிடையாது. ஆனா மத்தவங்க குப்பையில போடுறதைச் சேத்தாரு, புத்தகம் மட்டும் இல்ல, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், துண்டுப் பிரசுரம் எல்லாத்தையும். அவரு 1992ல இறந்தாரு, சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி இங்கயே வச்சு 94ல சென்னையில நூலகமா ஆச்சு. இன்னைக்குத் தமிழ் அச்சு வரலாறு பத்தி யாரு எழுதினாலும் அங்க போகாம எழுத முடியாது. போர்டு எழுதுறவருக்கு ஒரு துண்டு நோட்டீஸ்ல இருக்கிற வார்த்தையோட மதிப்பு தெரிஞ்சிருந்துச்சு.

பெரியப்பா கடையில ஆபீஸ் காப்பின்னு வருஷவாரியா கட்டி வச்சிருந்தாரு. அவரு போனதும் கடையைக் காலி பண்ணும்போது எல்லாம் எடைக்குப் போச்சு, நான் அப்போ வெளியூர்ல வேலையில இருந்தேன், விஷயம் தெரியும்போது லாரி ஏறிடுச்சு. மிஞ்சினது ரசீது புத்தகத்தோட அடிக்கட்டை கொஞ்சம். அதுல வாசகம் இருக்காது, பேரும் வார்த்தை எண்ணிக்கையும் தொகையும்தான் இருக்கும்.

அதனால கேக்குறேன், தென் மாவட்டத்துல பழைய வீடு இருக்கிறவங்க கொஞ்சம் தேடிப் பாருங்க. கட்டு கட்டா கிடைக்காது. டிரங்குப் பெட்டி அடியில விரிச்சிருப்பாங்க. சாமி படம், தாத்தா படம் ஃபிரேம் பின்னாடி அட்டைக்கும் படத்துக்கும் நடுவுல பேப்பர் வச்சிருப்பாங்க, ஆணியைக் கழட்டினா முழுத் தாளா வரும். பழைய நோட்டுக்கு அட்டை போட்டது, பரண்ல பித்தளைப் பாத்திரம் சுத்தி வச்சது, ஊர்ப் படிப்பகத்துல யாரும் தொடாம கிடக்கிற பைண்டு. கிடைச்சா பிரிக்க அவசரப்படாதீங்க, மடிப்புல ஒடிஞ்சிடும், ஒரு நாள் சும்மா விரிச்சு வச்சு கனமா ஏதாவது ஏத்தி வச்சாலே படிஞ்சிடும். வெயில்ல காய வைக்காதீங்க, செல்லோ டேப் ஒட்டாதீங்க. போன்ல படம் எடுத்தாப் போதும், ஆனா உங்களுக்குப் பிடிச்ச ஒரு விளம்பரத்தை மட்டும் கிட்டத்துல எடுக்காம, முழுப் பக்கத்தையும் மேல தேதியும் பதிப்பு ஊரும் தெரியுற மாதிரி ஒண்ணு எடுத்துட்டு, அப்புறம் பத்தி பத்தியா நாலு எடுங்க. கிடைச்சவங்க சொல்லுங்க, கோவில்பட்டி, சாத்தூர், சங்கரன்கோவில் எந்தப் பக்கமா இருந்தாலும் பஸ் ஏறி வந்து நானே எடுத்துக்கிறேன்.